சாப்பிடாத பிள்ளைக்கு எதுக்கு இன்சுலின்?

வார்டுல அடிக்கடி நடக்குற சண்டை ஒண்ணு இருக்கு. டைப் 1 சுகர் (கணையத்துல இன்சுலின் சுரக்குறதே கிட்டத்தட்ட நின்னுபோனது) உள்ள பிள்ளை, வாந்தி, வயித்துவலியோட மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வந்து அட்மிட் ஆகியிருக்கும், சுகர் 500 பக்கம் இருக்கும். சலைன் ஏத்தி, இன்சுலினை சொட்டு சொட்டா ஓடவிட்டு, சுகர் 250 பக்கம் இறங்கினதும் நாங்களே ஒரு குளுக்கோஸ் பாட்டிலை மாட்டுவோம். அவ்ளோதான், பிள்ளையோட தாத்தா எந்திரிச்சிடுவாரு. "ஏங்க டாக்டரம்மா, சுகர் இருக்குற பிள்ளைக்குப் போயி குளுக்கோஸ் ஏத்துறீங்களே, கொல்லப் பாக்குறீங்களா?" பக்கத்து பெட்காரங்களும் சேர்ந்துப்பாங்க. ஒரு கையில இன்சுலின், இன்னொரு கையில குளுக்கோஸ், பாக்குறவங்களுக்கு குழப்பமாத்தான் இருக்கும், அவரைக் குத்தம் சொல்ல முடியாது.

இதே பிள்ளை ஏன் இந்த நிலைமைக்கு வந்துச்சுன்னு கேட்டா வீட்டுல சொல்ற பதில் பெரும்பாலும் இதுதான்: "ரெண்டு நாளா ஒண்ணுமே சாப்பிடல மேடம், சாப்பிடாதப்ப ஊசி போட்டா சுகர் இறங்கிடும்னு போடாம விட்டுட்டோம்." ரெண்டு குழப்பமும் ஒரே இடத்துல இருந்துதான் வருது. இன்சுலின்னா சாப்பிட்ட சோத்துல இருக்குற சர்க்கரையைக் குறைக்கிற மருந்துன்னு நினைக்கிறோம். இன்சுலின் செய்யுற வேலையில அது பாதிதான்.

கொஞ்சம் செல்லுக்குள்ள போய் பாக்கலாம். இதயம் துடிக்க, தசை சுருங்க, நரம்புல சிக்னல் ஓட, எல்லாத்துக்கும் செல் நேரடியா செலவழிக்கிறது ஏடிபிங்கிற மூலக்கூறைத்தான். எந்த நேரத்துலயும் உடம்புல இருக்குற ஏடிபி மொத்தமும் சேர்த்தா கால் கிலோகூட தேறாது, ஆனா அதையே திரும்பத் திரும்ப உடைச்சு சேர்த்து உடைச்சு சேர்த்து ஒரு நாள்ல கிட்டத்தட்ட நம்ம உடம்பு எடை அளவுக்கு உருவாக்கிடுறோம். (இதை 1929-ல கண்டுபிடிச்சவங்கள்ல ஒருத்தர் நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்ச எல்லாப்பிரகட சுப்பாராவ், ஹார்வர்ட்ல ஃபிஸ்கேவோட சேர்ந்து. அதே வருஷம் ஜெர்மனியில லோமனும் கண்டுபிடிச்சாரு. அங்க படிச்ச பசங்களுக்கே பலருக்கு இவர் பேர் தெரியாது, அது தனி வருத்தம்.)

ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு செல்லுக்குள்ள பத்து படி தாண்டி பைருவேட்ங்கிற ரெண்டு சின்ன மூலக்கூறா உடையும், அதுல மிஞ்சுறது வெறும் 2 ஏடிபி. மீதி வேலை செல்லோட பவர் ஹவுஸான மைட்டோகாண்ட்ரியாவுல. அங்க எலக்ட்ரான்களை ஒண்ணு மாத்தி ஒண்ணு கைமாத்தி கடைசியா ஆக்சிஜன்கிட்ட கொடுக்குறாங்க, அந்தப் போக்குல ஹைட்ரஜன் அயனிகள் உள்சவ்வுக்கு வெளிய தள்ளப்பட்டு, திரும்ப உள்ள வர்றப்போ ஒரு என்சைமை நிஜமாவே சுத்த வைக்குது, அந்தச் சுத்துல ஏடிபி பொறக்குது. இந்த ஹைட்ரஜன் அயனி ஓட்டத்தாலதான் ஏடிபி உருவாகுதுன்னு பிரிட்டிஷ் விஞ்ஞானி பீட்டர் மிட்செல் 1961-ல சொன்னப்போ ரொம்ப பேர் நம்பல, 1978-ல நோபல் கொடுத்தாங்க. மொத்தத்துல ஒரு குளுக்கோசுக்கு 30, 32 ஏடிபி கிடைக்கும். பழைய புத்தகத்துல 38.

இப்போ இன்சுலின் இல்லைன்னா என்ன ஆகும்? தசை செல்லும் கொழுப்பு செல்லும் குளுக்கோசை உள்ள இழுக்க க்ளூட்-4ன்னு ஒரு புரதம் செல்லோட மேல்சவ்வுக்கு வரணும், அதை அதிக அளவுல அங்க கொண்டுவர்றது இன்சுலின். அது இல்லாதப்போ ரத்தம் பூரா குளுக்கோஸ், ஆனா தசைக்கு கிடைக்காது, 2015 வெள்ளத்துல வீட்டைச் சுத்தி தண்ணி நிக்க சென்னைக்காரங்க ஒரு கேன் குடிதண்ணிக்கு அலைஞ்ச மாதிரி.

இதோட நின்னா பரவாயில்ல. இன்சுலினோட இன்னொரு வேலை, கல்லீரலையும் கொழுப்பையும் கட்டுப்பாட்டுல வச்சிருக்குறது. அந்தக் கட்டுப்பாடு போனதும் உடம்பு நாம பட்டினி கிடக்குறோம்னு தப்பா எடுத்துக்கிட்டு, ஏற்கெனவே 500 இருக்குற ரத்தத்துல கல்லீரல் இன்னும் குளுக்கோசைத் தயாரிச்சு கொட்டும், கொழுப்பு மடமடன்னு கரைஞ்சு கல்லீரலுக்கு வரும், அங்க அந்தக் கொழுப்பு உடைஞ்சு வர்ற அசிட்டைல் கோஏங்கிற பொருள் எரிக்க முடியாத அளவுக்கு சேர்ந்துபோயி கீட்டோன்ங்கிற பொருளா மாறும். அந்தக் கீட்டோனை மூளையும் இதயமும் எரிபொருளா பயன்படுத்திக்கும்தான், அதனால செல் உடனே ஒண்ணும் செத்துடாது. ஆனா அது அமிலம். 7.35-க்கும் 7.45-க்கும் நடுவுல இருக்க வேண்டிய ரத்த பிஎச் (அமிலம் கூடக்கூட இறங்குற அளவு) 7.3-க்கு கீழ போகும், மோசமானா 7-க்கும் கீழ. அந்த அமிலத்தை ஈடுகட்ட கார்பன் டை ஆக்சைடை வெளியேத்தணும்னு பிள்ளை ஆழமா வேகமா மூச்சு விடும். இதைத்தான் டிகேஏ, அதாவது டயாபட்டிக் கீட்டோ அசிடோசிஸ்னு சொல்றோம்.

விரதம், நோன்பு இருக்குறவங்களுக்கும் கீட்டோன் வரும். அவங்களுக்கு ஏன் ஒண்ணும் ஆகலைன்னா, வெறும் வயித்துலயும் கணையம் கொஞ்சமா இன்சுலின் விட்டுக்கிட்டே இருக்கு, ஒரு நாள் சுரக்குறதுல கிட்டத்தட்ட பாதி சாப்பாட்டோட சம்பந்தமே இல்லாதது. டைப் 1 பிள்ளைக்கு அந்தப் பாதியும் கிடையாது. அதனாலதான் சாப்பிடலைன்னாலும் நீண்ட நேரம் வேலை செய்யுற ஊசியை நிறுத்தவே கூடாதுன்னு கத்துறோம், அளவைக் கூட்டுறது குறைக்கிறதெல்லாம் உங்க டாக்டர்கிட்ட போன்ல கேட்டு செய்ங்க. காய்ச்சல் வந்தா தேவை கூடத்தான் செய்யும். அந்த மாதிரி நாள்ல மூணு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியும் எந்திரிச்சு சுகர் பாருங்க, யூரின்ல கீட்டோன் ஸ்ட்ரிப் போட்டு பாருங்க, வாந்தி நிக்காம எடுத்தா வீட்டுல வச்சு ஓஆர்எஸ் கொடுத்துக்கிட்டு இருக்காம கிளம்பி வந்துடுங்க.

தாத்தாவுக்கும் இதுதான் பதில். கீட்டோன் நிக்கிற வரைக்கும் இன்சுலின் ஓடணும், ஆனா சுகர் அதுக்கு முன்னாடியே இறங்கிடும், அதனால லோ சுகர் ஆகாம இருக்கத்தான் அந்தக் குளுக்கோஸ் பாட்டில். இதே பாட்டிலை, பிள்ளை அசதியா இருக்குன்னு சுகர் பாக்காம ஏதோ ஒரு கிளினிக்ல இன்சுலின் இல்லாம ஏத்தி அனுப்பி, மயங்குன நிலைமையில எங்ககிட்ட வர்றதும் நடக்குது, அதைக் கேட்டு சண்டை போடுங்க, நியாயம் இருக்கு.

நிறைய பிள்ளைங்க கதை இன்னும் மோசம், சுகர் இருக்குறதே தெரியாம நேரா டிகேஏவுலதான் வருவாங்க. மூச்சு வாங்குதுன்னு வீசிங்கா நினைச்சு நெபுலைசர், வயித்துவலின்னு கேஸ் ஊசி, இளைச்சுப்போச்சுன்னு பூச்சி மருந்து, மந்திரிச்சு கயிறு, எல்லாம் முடிஞ்சிருக்கும். தண்ணி தண்ணின்னு குடிக்கிறது, படுக்கையில ஒண்ணுக்குப் போற பழக்கம் விட்ட பிள்ளை திரும்பப் போறது, நல்லா சாப்பிட்டும் இளைக்கிறது, வாயில பழம் அழுகுன மாதிரி ஒரு வாசனை, இதுல ஒண்ணு இருந்தாலும் விரல்ல குத்தி ஒரு சொட்டு ரத்தம் பாக்கச் சொல்லிக் கேளுங்க, ஒரு நிமிஷம்கூட ஆகாது.

இன்சுலின் வர்றதுக்கு முன்னாடி இந்தப் பிள்ளைங்களை சாப்பாட்டைக் குறைச்சுக் குறைச்சு பட்டினி போட்டுத்தான் கொஞ்ச நாள் உயிரோட வச்சிருந்தாங்க. டொராண்டோவுல 1922 ஜனவரியில முதல் இன்சுலின் ஊசி போட்டுக்கிட்ட லெனார்ட் தாம்சனுக்கு வயசு 14, எடை 30 கிலோகூட இல்ல. நூறு வருஷம் தாண்டியும் ‘சோத்தை நிறுத்து, கஷாயம் குடி, ஊசி வேணாம்’னு டைப் 1 பிள்ளைக்கு வீடியோ போடுறவங்களைப் பார்த்தா எனக்கு பத்திக்கிட்டு வருது.

பெரியவங்களுக்கும் ஒண்ணு. டைப் 2-க்கு தபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின்னு மாத்திரை நிறைய பேர் போடுறீங்க, இதயத்துக்கும் கிட்னிக்கும் நல்ல மாத்திரைதான். ஆனா இது சுகரை யூரின்ல வெளியேத்துறதால சுகர் 180, 200-ன்னு சாதாரணமா காட்டுறப்பவே கீட்டோன் ஏறிக்கிட்டு இருக்கலாம், மீட்டரைப் பார்த்துட்டு யாரும் சந்தேகப்படவே மாட்டாங்க. வாந்தி பேதி, சரியா சாப்பிட முடியல, திடீர்னு மாவுச்சத்தை ரொம்பக் குறைக்குற கீட்டோ டயட் ஆரம்பிக்கப் போறீங்க, இந்த மாதிரி நேரத்துல மாத்திரையைத் தொடரலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டுடுங்க. ஆபரேஷன்னா குறைஞ்சது 3 நாள் முன்னாடியே நிறுத்தச் சொல்வாங்க, அதனால தேதி குறிக்கும்போதே மாத்திரை அட்டையை கையோட எடுத்துட்டுப் போயி மயக்க மருந்து டாக்டர்கிட்ட காட்டுங்க, "சுகர் மாத்திரை"ன்னு மட்டும் சொன்னா அவருக்கு எதுன்னு தெரியாது.