பிணைப்பு நீக்கு மின்தேக்கி: சொல்லும் பொருளும்

மின்னணுச் சுற்றுப் பலகை எதை எடுத்துப் பார்த்தாலும், ஒவ்வொரு சில்லின் அருகிலும் பழுப்பு நிறத்தில் கடுகளவே இருக்கும் சிறு துண்டு ஒன்றையோ பலவற்றையோ காணலாம். சில்லின் மின்வழங்கல் முனைக்கும் தரை முனைக்கும் இடையே பொருத்தப்படும் இந்த உறுப்பைத் தொழில்நுட்பர்கள் ‘டீகப்ளிங் கெபாசிட்டர்’ என்று அழைக்கிறார்கள். இதைத் தமிழில் சொல்ல முயலும்போது ‘இணைப்பு நீக்கு மின்தேக்கி’ என்பதே முதலில் நினைவுக்கு வரும். ஆனால் அந்த உறுப்பு எந்த இணைப்பையும் நீக்குவதில்லை. அது செய்யும் வேலை என்ன என்பதைத் தெளிவுபடுத்திக்கொண்டால் அதற்குரிய சொல்லையும் சரியாகத் தெரிந்தெடுக்கலாம்.

தொடரின் இரண்டாம் பகுதியான மின்தேக்கி நிலைபெற்ற சொல். இத்தாலிய அறிவியலாளர் அலெசாண்ட்ரோ வோல்ட்டா 1782ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், மின்சாரத்தைச் செறிவாக்கும் கருவி என்ற பொருளில் ‘கண்டென்சாத்தோரே’ என்ற பெயரைக் கையாண்டார். அதன் ஆங்கில வடிவமான ‘கண்டென்சர்’ நெடுங்காலம் வழங்கி, இன்றும் பழுதுபார்ப்போர் பேச்சில் உயிரோடு இருக்கிறது. ‘கொள்ளுதல்’ என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்த ‘கெபாசிட்டர்’ இருபதாம் நூற்றாண்டில் அதன் இடத்தைப் பிடித்தது. இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் கொள்ளளவி என்ற சொல் இந்த வேரை ஒட்டியது. தமிழ்நாட்டில் வழங்கும் மின்தேக்கியோ பொருளைச் செயலின் வழியே காட்டுகிறது. தேங்கு என்னும் தன்வினைக்குத் தேக்கு என்பது பிறவினை. ஓடுவதைத் தடுத்துத் திரட்டி வைப்பது தேக்குதல். அதைச் செய்யும் கருவி தேக்கி. நீர்த்தேக்கத்தைப் போலவே, வரத்து குறையும் வேளையில் கொடுப்பதற்கென்று திரட்டி வைத்திருக்கும் இடம் என்ற குறிப்பும் இந்தச் சொல்லில் அடங்கியிருக்கிறது. நாம் பேசும் பயன்பாட்டுக்கு இந்தக் குறிப்பு மிகவும் பொருந்துகிறது.

முதற்பகுதியில்தான் சிக்கல் இருக்கிறது. ‘கப்பிள்’ என்ற ஆங்கிலச் சொல், கட்டு, தளை என்று பொருள்படும் ‘கோப்புலா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சின் வழியாக வந்தது. வேட்டை நாய்களை இரண்டிரண்டாகப் பூட்டும் வாருக்கு அந்தப் பெயர் இருந்தது. அந்த வாரை அவிழ்த்து நாய்களைப் பிரித்து விடுவதைக் குறித்த பிரெஞ்சு வினையே ‘டீகப்பிள்’ என ஆங்கிலத்துக்கு வந்தது. பின்னர் தொடர்வண்டிப் பெட்டிகளைப் பூட்டுவதற்கும் கழற்றுவதற்கும் இதே சொற்கள் பயன்பட்டன. ஒன்று இழுத்தால் மற்றொன்றும் இழுபடும் நிலை ‘கப்ளிங்’. அந்த நிலையைப் போக்குவது ‘டீகப்ளிங்’. இவ்விரண்டும் ஒன்றின் அசைவு மற்றொன்றைப் பாதிப்பதையே மையமாகக் கொண்டவை என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றனவா என்பது இங்கே கேள்வியே அன்று.

மின்னியலிலும் பொருள் இதுவே. ஒரு சுற்றில் நிகழும் மின்னழுத்த மாற்றமோ மின்னோட்ட மாற்றமோ மற்றொரு சுற்றிலும் விளைவை உண்டாக்கினால் அவை பிணைந்திருக்கின்றன என்கிறோம். இந்தப் பிணைப்பு சில இடங்களில் வேண்டப்படுவது. ஒலிபெருக்கச் சுற்றின் ஒரு படிநிலையிலிருந்து அடுத்த படிநிலைக்கு, நேர்த்திசை மின்னழுத்தத்தைத் தடுத்து ஒலிக்குறிகையை (‘சிக்னல்’) மட்டும் கடத்துவதற்குத் தொடரிணைப்பில் வைக்கப்படுவது பிணைப்பு மின்தேக்கி. வேறு சில இடங்களில் பிணைப்பு கேடாக முடியும். வெற்றிடக் குழாய்களைக் கொண்டிருந்த பழைய வானொலிப் பெட்டிகளில் எல்லாப் படிநிலைகளுக்கும் மின்வழங்கி ஒன்றே. இறுதிப் படிநிலை மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கும்போதெல்லாம் மின்வழங்கியின் அக எதிர்ப்பால் அழுத்தம் சற்றே தாழும். அந்தத் தாழ்வு முதற்படிநிலைக்குச் சென்று, அங்கே குறிகையாகக் கருதப்பட்டு, பெருக்கப்பட்டு, மறுபடியும் இறுதிப் படிநிலையை அடையும். இந்தச் சுழற்சி வலுத்தால் ஒலிபெருக்கியில் விசைப்படகு ஓடுவதைப் போன்ற ‘பட பட’ ஓசை எழும். ஒவ்வொரு படிநிலையின் மின்வழங்கல் பாதையிலும் ஒரு மின்தடையைத் தொடராகவும், ஒரு மின்தேக்கியைத் தரைக்குக் குறுக்காகவும் வைத்து இதைத் தீர்த்தார்கள். பொதுவான மின்வழங்கியின் வழியே படிநிலைகளுக்கு இடையில் உண்டான வேண்டாத பிணைப்பை நீக்கியதால்தான் அந்த மின்தேக்கிக்கு இந்தப் பெயர் ஏற்பட்டது. ‘நீக்கப்படுவது எது?’ என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. படிநிலைக்கும் மின்வழங்கிக்கும் இடையிலான தொடர்பு அப்படியே இருக்க, ஒரு படிநிலையின் ஆட்டம் மற்றொன்றைச் சென்று தாக்குவது மட்டுமே நீக்கப்படுகிறது.

இன்றைய எண்முறைச் சுற்றுகளிலும் இதே கேடு வேறு உருவில் வருகிறது. சில்லுக்குள் 0, 1 என்ற இரு நிலைகளில் இயங்கும் சிறு சுற்றான தருக்க வாயில் ஒன்று 0 நிலையிலிருந்து 1 நிலைக்கு மாறும்போது, அடுத்த வாயிலின் உள்ளீட்டில் இருக்கும் சிறு மின்தேக்குத்திறனுக்கு மின்னூட்டம் ஏற்ற வேண்டும். அதற்கான மின்னோட்டம் மிகக் குறுகிய நேரத்தில் பாய்கிறது. ஆயிரக்கணக்கான வாயில்கள் ஒரே கடிகாரத் துடிப்பில் மாறினால் அந்தப் பாய்ச்சல்கள் ஒன்றுகூடிப் பெரிதாகின்றன. தொலைவிலுள்ள மின்வழங்கியிலிருந்து இது வந்து சேர வேண்டிய செப்புத்தடத்துக்கு மின்தூண்டல், அதாவது மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் தன்மை, உண்டு. குறுகிய தடமாயின் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 1 நானோ ஹென்றி என்பது நடைமுறைக் கணிப்பு. 10 நானோ ஹென்றி கொண்ட தடத்தில், 1 நானோ வினாடிக்குள் மின்னோட்டம் 0.1 ஆம்பியர் உயர்ந்தால், அந்தத் தடத்தின் குறுக்கே எழும் மின்னழுத்தம் 1 வோல்ட். 3.3 வோல்ட்டில் இயங்க வேண்டிய சில்லுக்கு அந்தக் கணத்தில் 2.3 வோல்ட்தான் கிடைக்கும். அதே தடத்தில் பக்கத்துச் சில்லும் இருந்தால், தான் ஒன்றும் செய்யாமலேயே அதுவும் இந்தச் சரிவுக்கு ஆளாகும்.

சில்லை ஒட்டி 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி ஒன்றை வைத்துவிட்டு இதே கணக்கைத் திரும்பப் போடலாம். 0.1 ஆம்பியர் மின்னோட்டம் 5 நானோ வினாடி நீடித்தால் தேவைப்படும் மின்னூட்டம் 0.5 நானோ கூலூம். அதைக் கொடுத்துவிட்ட பிறகு மின்தேக்கியின் அழுத்தம் 5 மில்லி வோல்ட் மட்டுமே தாழ்ந்திருக்கும். ஆனால் மின்தேக்கிக்கும் சில்லுக்கும் இடையிலான தடம், அடுக்குகளை இணைக்கும் துளை, திரும்பி வரும் தரைப்பாதை ஆகியவை சேர்ந்த சுற்றுவழிக்கு 1 நானோ ஹென்றி மின்தூண்டல் இருந்தால், அதனால் மட்டும் 100 மில்லி வோல்ட் சரிவு உண்டாகும். ஆகவே ‘எத்தனை மைக்ரோ ஃபாரட்?’ என்று கேட்பதைக் காட்டிலும் ‘எவ்வளவு அருகில்?’ என்று கேட்பதே இங்கே முதன்மையானது. வரைபடத்தில் எங்கே வரைந்தாலும் ஒன்றுதான் என்று தோன்றும் இந்த மின்தேக்கி, பலகையில் இரண்டு விரற்கடை தள்ளிப் போனால் பெயருக்குரிய வேலையைச் செய்வதில்லை.

எனவே ‘இணைப்பு நீக்கு’ என்ற தொடரை நான் ஏற்பதில்லை. இணைப்பு என்றால் மின்சுற்றில் மின்சாரம் செல்லும் தொடர்பு. இணைப்பை நீக்குதல் என்றால் கம்பியைத் துண்டித்தல் என்றே படிப்பவர் கொள்வார். அதோடு, தொடரிணைப்பு, பக்க இணைப்பு என்ற வழக்குகள் பள்ளிப் பாடத்திலேயே ஊன்றிவிட்டன. பக்க இணைப்பில் இணைக்கப்படும் ஓர் உறுப்பை இணைப்பு நீக்கி என்று அழைப்பது மாணவரைக் குழப்பும்.

பிணைப்பு இந்தக் குறையில்லாத சொல். பிணைதல் என்பது ஒன்றோடொன்று பின்னிக் கட்டுண்டிருத்தல். சங்கப் பாடல்களில் கலைமானோடு சேர்த்துப் பேசப்படும் பெண்மான் பிணை. ஒருவர் செயலுக்கு மற்றொருவர் கட்டுப்படுவதால் சட்டத்தில் பிணை. வேதியியலில் அணுக்களைக் கட்டி நிறுத்துவது பிணைப்பு. ஒன்றன் நிலை மற்றொன்றன் நிலையைக் கட்டுப்படுத்துகிறது என்ற கருத்து இவை அனைத்திலும் ஓடுகிறது. எனவே ‘கப்ளிங்’ என்பதற்குப் பிணைப்பு என்றும், ‘டீகப்ளிங்’ என்பதற்குப் பிணைப்பு நீக்கம் என்றும், அதைச் செய்யும் உறுப்புக்குப் பிணைப்பு நீக்கு மின்தேக்கி என்றும் கொள்வது பொருத்தம். நீக்கு மின்தேக்கி என்பது வினைத்தொகையாதலால் முக்காலத்துக்கும் பொருந்தும். இன்னும் சுருக்கமாக வேண்டுமானால் பிணைப்பறு மின்தேக்கி எனலாம். ஆயினும் புதிதாகப் படிப்பவருக்கு ‘நீக்கு’ என்பதே உடனே விளங்கும். மின்தேக்கியை விட்டுவிட்டுப் பிணைப்பு நீக்கி என்று மட்டும் எழுதுவது கூடாது. பிணைப்பு நீக்கத்துக்கு மின்தடையும் மின்தூண்டியும் உதவுவதால் எந்த உறுப்பு என்பது தெரியாமல் போகும்.

இதே உறுப்புக்கு ‘பைபாஸ் கெபாசிட்டர்’ என்ற மற்றொரு பெயரும் உண்டு. புறவழிச் சாலை என்ற வழக்கு நிலைத்துவிட்டதால் புறவழி மின்தேக்கி என்பது எளிதாக ஒட்டிக்கொள்கிறது. இரண்டும் ஒன்றா என்று அடிக்கடி கேட்கப்படுகிறது. பார்க்கும் திசையில்தான் வேறுபாடு இருக்கிறது. மின்வழங்கல் தடத்தில் வரும் உயர் அதிர்வெண் இரைச்சல் சில்லுக்குள் நுழையாமல் தரைக்குச் செல்ல வழி தருவதைக் கருதினால் அது புறவழி. சில்லின் மின்னோட்டப் பாய்ச்சல் பிற சில்லுகளைச் சென்று தாக்காமல் அங்கேயே நிறைவு செய்யப்படுவதைக் கருதினால் அது பிணைப்பு நீக்கம். ஒரே துண்டு இரண்டையும் செய்யும். பெருக்கியில் டிரான்சிஸ்டரின் உமிழ்வான் (‘எமிட்டர்’) முனையில் உள்ள மின்தடைக்குக் குறுக்கே வைக்கப்படும் மின்தேக்கியைப் புறவழி என்று மட்டுமே சொல்ல வேண்டும்; அங்கே நீக்கப்படும் பிணைப்பு எதுவும் இல்லை.

மின்வழங்கல் பலகைக்குள் நுழையும் இடத்தில் 10 மைக்ரோ ஃபாரட் அல்லது அதற்கும் மேற்பட்ட அளவில் வைக்கப்படும் பெரிய மின்தேக்கியைச் சேம மின்தேக்கி எனலாம். சிறியவை கொடுத்துத் தீர்ந்ததை மீண்டும் நிரப்புவது அதன் வேலை. சிறியவற்றை விட்டுவிட்டு இதை மட்டும் வைத்தால் போதாமைக்குக் காரணம், எந்த மின்தேக்கிக்கும் தனக்கென்று ஒரு மின்தூண்டல் இருப்பதே. 0.1 மைக்ரோ ஃபாரட்டுடன் 1 நானோ ஹென்றி சேர்ந்தால் ஒத்ததிர்வு அதிர்வெண் ஏறத்தாழ 16 மெகா ஹெர்ட்ஸ். அதற்கு மேற்பட்ட அதிர்வெண்களில் மின்தேக்கி ஒரு மின்தூண்டியைப் போலவே நடந்துகொள்ளும். மின்தேக்குத்திறனும் மின்தூண்டலும் கூடக்கூட இந்த எல்லை கீழே இறங்கும். வெவ்வேறு அளவுள்ள மின்தேக்கிகளைப் பக்க இணைப்பில் வைப்பதும் எப்போதும் நன்மை தராது. ஒன்று மின்தூண்டியாகவும் மற்றொன்று மின்தேக்கியாகவும் நடக்கும் அதிர்வெண் பகுதியில், இரண்டும் சேர்ந்து எதிர் ஒத்ததிர்வு ஏற்பட்டு, மாறும் மின்னோட்டத்துக்கு எழும் தடையான மின்னெதிர்ப்பு உயர்ந்துவிடலாம். ஒரே அளவுள்ள பலவற்றைச் சில்லைச் சுற்றிலும் வைப்பது பல வேளைகளில் பாதுகாப்பானது.

மின்தேக்கியைத் தெரிந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். அதன் மேல் ‘104’ என்று குறித்திருந்தால் 10க்குப் பின் நான்கு சுழியங்கள் இட்ட பிக்கோ ஃபாரட், அதாவது 0.1 மைக்ரோ ஃபாரட். ஆயினும் மிகச் சிறிய பல்லடுக்குப் பீங்கான் துண்டுகளில் இந்தக் குறியே அச்சிடப்படுவதில்லை. ‘எக்ஸ்7ஆர்’ வகைப் பீங்கானின் மின்தேக்குத்திறன் -55 முதல் 125 டிகிரி செல்சியஸ் வரை 15 விழுக்காட்டுக்குள்தான் மாறும் என்று உறுதி கூறப்பட்டாலும், அந்த உறுதி வெப்பநிலையைப் பற்றியது மட்டுமே. நேர்த்திசை மின்னழுத்தம் ஏறும்போது இத்தகைய பீங்கானின் மின்தேக்குத்திறன் குறையும். 5 வோல்ட் தடத்தில் 6.3 வோல்ட் தாங்குதிறனுள்ள சிறு துண்டை வைத்தால், அதற்குக் குறிப்பிடப்பட்ட மின்தேக்குத்திறனில் பெரும்பகுதி கிடைக்காமல் போகலாம்.

மேற்கண்ட சொற்களைக் கொண்டு ஒரு வடிவமைப்புக் குறிப்பை இவ்வாறு எழுதலாம்: “ஒவ்வொரு மின்வழங்கல் முனைக்கும் ஒரு பிணைப்பு நீக்கு மின்தேக்கி வீதம், 0.1 மைக்ரோ ஃபாரட் அளவில், சில்லு இருக்கும் பக்கத்திலேயே, முனையை ஒட்டிப் பொருத்துக. அதன் தரை முனையைத் தனித் துளையின் வழியே தரைத்தளத்தோடு நேராக இணைக்க. இரண்டு மின்தேக்கிகள் ஒரே துளையைப் பகிர்ந்துகொள்ள விடாதீர்கள், ஏனெனில் அந்தத் துளையின் மின்தூண்டல் வழியே அவை மீண்டும் பிணைந்துவிடும்.”