ஒரு சாவு, மூன்று அரசாங்கங்கள்

2020 ஏப்ரல். புனித வெள்ளிக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி இருக்கும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள என் கிளினிக்கிலிருந்து நான்கு தெரு தள்ளியிருக்கும் ஒரு வீட்டிலிருந்து தொலைபேசி வந்தது. எண்பது தாண்டிய பெரியவர், இதயம் பலவீனமாகி என்னிடம் வெகுநாளாக மருந்து வாங்கிக்கொண்டிருந்தவர், தூக்கத்திலேயே போய்விட்டார். கொரோனா இல்லை. முகக்கவசத்தோடு போய்ப் பார்த்துவிட்டு, இறப்பு அறிவிப்புக்கான டி.எச்.ஏ-1663 படிவத்தை அடுப்படி மேசையில் வைத்து நிரப்பினேன். அவர் மனைவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர் தம்பி, பெரியவள் வந்து அப்பா முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு மட்டும் ஏதாவது வழி சொல்லுங்கள்."

பெரியவள் இருப்பது ஜொகன்னஸ்பர்க் பக்கம், லெனேசியாவில். சுமார் 570 கிலோமீட்டர். மார்ச் 26 நள்ளிரவிலிருந்து நாடு முழுவதும் ஊரடங்கு. மாகாண எல்லையைத் தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும். இறுதிச் சடங்கில் 50 பேருக்கு மேல் கூடக் கூடாது. முந்தைய இரவு உடலருகே கூடி விழித்திருக்கவும் தடை. இசிப்பிங்கோவிலும் மவுண்ட் எட்ஜ்கோமிலும் ஈஸ்டர் நாட்களில் ஆயிரக்கணக்கானோர் கூடும் மாரியம்மன் கோயில்களே அந்த வாரம் பூட்டிக் கிடந்தன. வைசூரிக்குப் பயந்த காலத்தில் நம் கரும்புத் தோட்டத்து முன்னோர்கள் ஓடிப்போய் நின்ற வாசல் அது. தொற்றுநோய் காலத்தில் அந்த வாசலும் அடைபடும் என்று யார் நினைத்தார்கள்?

வீட்டிலிருந்த இளைய மருமகன் தொலைபேசியை எடுத்தார். முதலில் மாகாண சுகாதாரத் துறையின் உதவி எண். "நோயாளி என்றால் சொல்லுங்கள், பயண அனுமதி எங்களிடம் இல்லை" என்றார்கள். அடுத்து வார்டு கவுன்சிலர். "தகனத்துக்கு நேரம் வேண்டுமானால் கேட்டு வாங்கித் தருகிறேன், சீட்டு என் கையில் இல்லை" என்றார். மூன்றாவது, மகள் வசிக்கும் பகுதியின் காவல் நிலையம். "இறப்புச் சான்றிதழ் எங்கே?" என்று கேட்டார்கள். சான்றிதழ் தர வேண்டியது உள்துறை. அது அன்றைக்குள் கைக்கு வருமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. இவர்களில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை என்பதை நான் பின்னால்தான் உணர்ந்தேன். ஒவ்வொருவரும் தன் எல்லைக்குள் சரியாகவே பேசியிருந்தார்கள்.

வழி சொன்னவர் ஈமச்சடங்கு ஏற்பாட்டாளர். ஏப்ரல் தொடக்கத்தில் விதிகளில் ஒரு திருத்தம் வந்திருந்தது: அடக்கமோ தகனமோ 24 மணி நேரத்துக்குள் நடக்க வேண்டியிருந்து, சான்றிதழும் இன்னும் கைக்கு வராவிட்டால், சத்தியப்பிரமாண வாக்குமூலமும் அந்த அவசரத்தை உறுதி செய்யும் சமயத் தலைவர் ஒருவரின் கடிதமும் இருந்தால் போதும். நீதிமன்றத்திலோ காவல் நிலையப் பொறுப்பாளரிடமோ சீட்டு வாங்கிக்கொள்ளலாம். இந்துக்களையும் முஸ்லிம்களையும் மனத்தில் வைத்து யாரோ எழுதிய பிரிவு. மருத்துவனான எனக்கே அது தெரிந்திருக்கவில்லை. கோயில் செயலாளர் கடிதத்தாளில் நான்கு வரி எழுதி முத்திரை குத்தினார். படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். பிற்பகல் இரண்டு மணிக்கு மகள் கையில் சீட்டு. வழியில் இரண்டு இடத்தில் போலீஸ் நிறுத்திப் பார்த்ததாகச் சொன்னாள். இரவு ஒன்பதரைக்கு வாசலில் கார் வந்து நின்றது. மறுநாள் காலை வாய்க்கரிசி போட அவளும் இருந்தாள்.

தமிழ்நாட்டிலிருந்து வந்த என்னைப் போன்றவர்களுக்கு மத்திய அரசு, மாநில அரசு என்ற கணக்கு ரத்தத்தில் ஊறியது. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இந்த நாட்டைப் பார்த்தால் பாதிதான் தெரியும். 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பு தன்னைக் கூட்டாட்சி என்று சொல்லிக்கொள்ளவில்லை. தேசிய, மாகாண, உள்ளூர் என மூன்று அரசாங்கங்களைப் பேசுகிறது. அவற்றை மேல் கீழ் அடுக்குகளாக அல்லாமல், தனித்தன்மையுள்ள, ஆனால் ஒன்றையொன்று சார்ந்த வட்டங்களாக வருணிக்கிறது. படிக்க அழகு. நடைமுறைக்கு வந்தால் அந்த வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன.

நான்காம் அட்டவணையைப் பாருங்கள். சுகாதார சேவை, பேரிடர் மேலாண்மை, பள்ளிக் கல்வி மூன்றும் தேசிய அரசுக்கும் மாகாணத்துக்கும் பொது. ஐந்தாம் அட்டவணையில் ஆம்புலன்ஸ் மாகாணத்துக்கு மட்டும். அதே அட்டவணையின் இரண்டாம் பகுதியில் மயானமும் தகனக்கூடமும் உள்ளூராட்சிக்கு. தீயணைப்பும் உள்ளூராட்சிதான். இறப்புப் பதிவும் காவல்துறையும் தேசிய அரசிடம். ஆனால் டர்பனில் மாநகராட்சிக்கென்று தனியாக மெட்ரோ போலீஸும் உண்டு. ஆக, ஆஸ்பத்திரியில் ஒருவர் இறந்தால் படுக்கை மாகாணத்துடையது, காகிதம் தேசிய அரசுடையது, நெருப்பு மாநகராட்சியின் பொறுப்பு. சாகிறவருக்கு இது எதுவும் தெரிய வேண்டியதில்லை. சாவு வீட்டாருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆள் கூடினால் பாம்பு சாகாது என்பார்கள். நூறு ஆண்டுக்கு முன் இந்த நாடு அதை அனுபவித்தே கற்றது. 1918 அக்டோபரில் இன்புளூயன்சா வந்தபோது தென்னாப்பிரிக்க ஒன்றியத்துக்குத் தேசிய சுகாதாரத் துறை என்று ஒன்றே கிடையாது. ஆஸ்பத்திரிகள் நான்கு மாகாணங்களிடம் இருந்தன. தொற்றுநோயைக் கவனிப்பது அந்தந்த ஊர் நிர்வாகத்தின் பாடு. சில வாரங்களில் ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் இறந்ததாக வரலாற்றாளர்கள் மதிப்பிடுகிறார்கள். மறு ஆண்டே, 1919இல், பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. அதோடு தேசியத் துறையும் பிறந்தது. பிணங்கள் விழுந்த பிறகுதான் யார் பொறுப்பு என்ற கேள்விக்கு விடை எழுதினார்கள்.

2020இல் அப்படியில்லை, விடை தயாராக இருந்தது. மார்ச் 5 அன்று முதல் நோயாளி உறுதியானார். இத்தாலி போய்த் திரும்பியவர், நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தின் ஹில்டன்காரர். பத்தே நாளில், மார்ச் 15 அன்று, 2002ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் தேசியப் பேரிடர் அறிவிக்கப்பட்டது. என் நோயாளிகளில் பலர் கடைசிவரை நம்ப மறுத்த செய்தி ஒன்று உண்டு: ஊரடங்கு விதிகளில் கையெழுத்திட்டவர் சுகாதார அமைச்சர் அல்லர். உள்ளாட்சிகளையும் மரபுத் தலைமைகளையும் கவனிக்கும் துறையின் அமைச்சர், அப்போது என்கோசாசானா டிலாமினி-சூமா. சட்டம் அந்த அதிகாரத்தை அவரிடம்தான் தந்திருந்தது. சிகரெட் விற்கத் தடை என்றாலும், சாவுக்கு 50 பேர் என்றாலும், பேனா அவருடையது.

அந்த அறிவிப்பு மூன்று மாதத்தில் காலாவதியாகும். பிறகு மாதாமாதம் நீட்டித்துக்கொள்ளலாம். நீட்டித்து நீட்டித்து 2022 ஏப்ரல் 5 வரை வந்தார்கள். நெருக்கடி நிலை பிரகடனம் செய்திருந்தால் நாடாளுமன்றம் வாக்களித்துத்தான் நீட்டித்திருக்க முடியும். இதற்கு அந்தத் தொல்லை இல்லை. தொடக்க மாதங்களுக்கு இதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டாம் ஆண்டிலும் ஓர் அமைச்சரின் கையெழுத்து மட்டுமே போதுமானதாக இருந்தது தவறு என்பது என் கருத்து.

ஓரிடத்தில் குவிந்த அதிகாரம் நல்லது செய்த இடங்களும் உண்டு. எல்லைகளை மூடியது, பரிசோதனை முடிவுகளை ஒரே தேசிய நிறுவனத்தின்கீழ் கொண்டுவந்தது, வருமானம் இழந்தவர்களுக்கு மாதம் 350 ராண்ட் கொடுத்தது. இவற்றை ஒன்பது மாகாணங்களும் தனித்தனியே செய்திருந்தால் சீரழிந்திருக்கும். கடற்கரை விஷயத்தில்கூட 2020 டிசம்பரில் மேலிடம் கொஞ்சம் இடம் பார்த்தே முடிவெடுத்தது. கிழக்குக் கேப் கடற்கரைகளை முழுவதுமாக மூடிவிட்டு, நம் மாகாணத்தில் கூட்டம் அலைமோதும் நாட்களில் மட்டும் மூடினார்கள். அது இரண்டு வாரம்கூட நிலைக்கவில்லை, இரண்டாம் அலை வந்து எல்லாவற்றையும் மூட வைத்தது. பள்ளி திறப்பில் இதற்கு நேர்மாறு. 2020 ஜூன் 1 அன்று திறக்க வேண்டிய பள்ளிகளைத் தேசிய அமைச்சர் கடைசி நேரத்தில் ஒரு வாரம் தள்ளிவைத்தார். மேற்குக் கேப் மாகாணம் திறந்தே தீருவேன் என்று திறந்தது. ஒரே நாடு, ஒரே நாள், ஒரு பிள்ளைக்குப் பள்ளி, இன்னொரு பிள்ளைக்கு விடுமுறை.

தடுப்பூசியில்தான் எனக்கு ஆற்றாமை மிச்சமிருக்கிறது. வாங்குவது தேசிய அரசு. போடுவது மாகாணமும் தனியார் மருந்துக் கடைகளும். நடுவில் பதிவு செய்ய நாடு முழுவதற்கும் ஒரே மின்னணு முறை. 2021 மே 17 அன்று அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தொடங்கினார்கள். எழுபதைத் தாண்டிய என் நோயாளி ஒருவர், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர், பேத்தியின் கைபேசியில் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தார். ஒரு நாள் குறுஞ்செய்தி வந்தது. இரண்டு டாக்ஸி மாறிப் போக வேண்டிய ஓர் இடத்தில், மறுநாள் காலை. அவர் வீட்டுக்குப் பத்து நிமிட நடையில் ஊசி போட்டுக்கொண்டிருந்த இடம் ஒன்று இருந்தது. அங்கே கேட்டால், "உங்கள் பெயர் எங்கள் பட்டியலில் இல்லை, கணினி பிரிட்டோரியாவில் இருக்கிறது" என்றார்கள். தேசிய அரசின் தலைமையிடமான அந்தப் பிரிட்டோரியாவின் எண்ணை அழைத்தால், "இடத்தை ஒதுக்குவது மாகாணம்" என்றார்கள். மூன்று நாள் நான் பந்துபோல் அங்குமிங்கும் உதைபட்டேன். கடைசியில் பத்து நிமிட நடை இடத்தில் பணியிலிருந்த ஒரு செவிலியர், மாலையில் மிஞ்சிய மருந்தை வீணாக்க மனமில்லாமல், "நாளைக்கு மூன்று மணிக்குக் கூட்டி வாருங்கள்" என்றார். சட்டப் புத்தகத்தில் எந்த அட்டவணையிலும் இல்லாத நான்காவது வட்டம் அந்த அம்மாள். அந்தத் தடுப்பூசிப் பணியும் அந்த ஆண்டு ஜூலையில் வெடித்த கலவரத்தில் நம் மாகாணத்தில் முடங்கியது, மருந்துக் கடைகளையே சூறையாடியபோது யாரைக் கேட்பது?

என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அரசு கிளினிக் வாசலில் நுழையும் முன் பெயர்ப்பலகையைப் படியுங்கள். டர்பனில் சில கிளினிக்குகள் நகரை நிர்வகிக்கும் ஈத்தெக்வினி மாநகராட்சியுடையவை, சில மாகாணத்துடையவை. உள்ளே ஊசியும் மாத்திரையும் ஒன்றுபோலத்தான் இருக்கும். மருந்து தீர்ந்துபோனால் புகார் போக வேண்டிய முகவரி வேறு. மாகாணத்தின் மீதான புகாரைக் கவுன்சிலரிடம் கொடுத்தால் அவர் தலையாட்டுவார், கடிதம் எங்கும் போகாது. ஆம்புலன்ஸ் வரவில்லை என்றால் மாநகராட்சியைத் திட்டிப் பயனில்லை. உதவித்தொகை நின்றுபோனால் மாகாணத் தலைநகர் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை போனாலும் விடை கிடைக்காது, அது தேசிய நிறுவனத்தின் வேலை. தொலைபேசியில் "எங்கள் பொறுப்பல்ல" என்று ஒருவர் சொன்னால் கோபப்பட்டு வைத்துவிடாதீர்கள். "சரி, யாருடையது? எந்த விதியின்படி?" என்று அவரிடமே கேளுங்கள். பாதிப் பேர் சொல்லிவிடுவார்கள். தேதி, நேரம், பேசியவர் பெயர், புகார் எண் நான்கையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

கொரோனா முடிந்த கதை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. தேசியப் பேரிடர் விலக்கப்பட்ட அடுத்த வாரமே டர்பனை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் மாகாணப் பேரிடர் என்றார்கள், ஏப்ரல் 18 அன்று ஜனாதிபதி ராமபோசா அதைத் தேசியப் பேரிடர் என்று அறிவித்தார். குழாயில் தண்ணீர் வராத நோயாளிகள் என்னை அழைத்து, "இப்போது யாரைக் கேட்பது, டாக்டர்?" என்றார்கள். தண்ணீர் மாநகராட்சி, அதில் மட்டும் சந்தேகமே இல்லை என்றேன். லாரி வந்தது என்னவோ எட்டாம் நாள்.

இன்றும் வீட்டில் நடந்த சாவுக்குப் படிவம் நிரப்பினால், கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடும் முன் ஒரு கேள்வி கேட்டுவிடுகிறேன்: "வெளியூரில் யார் இருக்கிறார்கள்?"