ஹரிக்கேன்: சூறாவளியா, புயலா?

'ஹரிக்கேன்' என்பது கரீபியன் தீவுகளில் வாழ்ந்த டைனோ மக்களின் சொல்லிலிருந்து பிறந்தது. ஸ்பானியர் அதை 'உரகான்' என்று எடுத்தாள, அங்கிருந்து ஆங்கிலத்தில் புகுந்தது. காற்றுக்கு அணையாத மண்ணெண்ணெய் விளக்கை 'அரிக்கேன் விளக்கு' என்றழைத்த நம் பெரியவர்களுக்கு இது முற்றிலும் புதிய ஒலியன்று.

அட்லாண்டிக்கிலும் வடகிழக்குப் பசிபிக்கிலும் மணிக்கு 119 கிலோமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட வேகத்தில் காற்று சுழலும் வெப்பமண்டலச் சுழலுக்கே இப்பெயர். அதுவே வடமேற்குப் பசிபிக்கில் 'டைஃபூன்'. சிங்கப்பூர்த் தமிழ்ச் செய்திகளில் இரண்டையும் பெரும்பாலும் 'சூறாவளி' என்றே கேட்கிறோம். சூறை சுழன்றடிக்கும் காற்று, வளியும் காற்றே. சீற்றத்தைச் சொல்ல நல்ல சொல்தான். ஆனால், மெல்ல நகரும் ஹரிக்கேனைப் பற்றி எழுதும்போது அது பாதிப் பொருளை விட்டுவிடுகிறது. அங்கே கடற்கரையைப் பெரிதும் அழிப்பது நீர்.

சூறாவளியைத் தள்ளிச்செல்லும் மேலடுக்குக் காற்றோட்டம் தளர்ந்தால், அது கடலின் ஈரத்தை இழுத்து இழுத்து அதே நிலத்தின்மீது கொட்டிக்கொண்டிருக்கும். 2017 ஆகஸ்ட்டில் டெக்சஸ் கரையைக் கடந்த ஹார்வி அந்த வட்டாரத்தைவிட்டு விலகாததால், நெடர்லண்ட் என்ற ஊரில் சில நாள்களிலேயே 1,539 மில்லிமீட்டர் மழை பதிவானது. சிங்கப்பூரில் ஓராண்டு முழுவதும் சராசரியாகப் பெய்வதே ஏறத்தாழ 2,100 மில்லிமீட்டர்தான். 2018 செப்டம்பரில் வட கரோலைனாவில் கரை கடந்த ஃபுளோரன்ஸ், ஐந்து நிலைகள் கொண்ட சஃபிர்-சிம்ப்சன் அளவுகோலில் அப்போது முதல் நிலையில்தான் இருந்தது. ஆயினும் அது முதலில் கடல்நீரை முகத்துவாரங்கள் வழியே ஊர்களுக்குள் தள்ளியது. பின்னர் அது கொட்டிய மழையால் ஆறுகள் பல நாள்கள் கழித்தும் ஏறிக்கொண்டே இருந்தன. காற்றின் வேகத்தை மட்டுமே அளக்கும் அந்த அளவுகோலில் மழைக்கு இடமில்லை.

'புயல்' பழந்தமிழில் மேகத்தையும் மழையையும் குறித்த சொல். இன்று காற்றையும் சேர்த்துச் சுட்டுகிறது. ஆகவே, மெல்ல நகரும் ஹரிக்கேனுக்கு 'புயல்' என்பதே என் தேர்வு. சூறாவளியைவிடப் புயல் சிறியது என்ற தயக்கம் வேண்டியதில்லை. தமிழ்நாட்டு வானிலை அறிவிப்புகள் 'தீவிரப் புயல்', 'அதிதீவிரப் புயல்' என்று அடைமொழியாலேயே வலிமையைக் காட்டுகின்றன. 2024 நவம்பர் இறுதியில் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்து, மணிக்கணக்கில் நகராமல் பெருமழை கொட்டிய ஃபெங்கல், அதிதீவிரம் எதுவுமில்லாத வெறும் 'புயல்' தான்.

நகர்வைக் குறிக்கவும் அந்த அறிவிப்புகளே சொல் தருகின்றன. வேகம் குறைந்தும் நகர்ந்துகொண்டிருப்பதை 'மெல்ல நகரும் புயல்' என்றும், அசையாமல் நின்றுவிட்டதை 'நிலைகொண்ட புயல்' என்றும் வேறுபடுத்தலாம். 2019 செப்டம்பரில் பஹாமாசின் கிராண்ட் பஹாமா தீவைவிட்டு ஒரு நாளுக்கும் மேலாக விலகாத டோரியனுக்கு இரண்டாவதே பொருந்தும்.