சீட்டில் துண்டு போடும் மாத்திரை

நீலகிரி மலையில் நடுவட்டத்தில் என் சித்தி வீட்டுச் சமையலறையில், சர்க்கரை டப்பாவுக்கும் தேயிலைத்தூள் டப்பாவுக்கும் நடுவே எட்டு வருடமாக ஒரே மாத்திரைதான் இருந்தது. இமாட்டினிப், 400 மில்லிகிராம், தினம் ஒன்று. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, பெரிய டம்ளர் தண்ணீரோடு போட வேண்டும். போன வருடம் அந்த இடத்துக்கு வேறு அட்டை வந்தது. டாசாட்டினிப்.

"இத்தனை வருசம் கேட்ட மாத்திரை இப்ப ஏன்டா கேக்கல?" என்றார் சித்தி. நான் பள்ளியில் உயிரியல் நடத்துகிறவன். அதனால் டாக்டரிடம் கேட்கத் தயங்கியதெல்லாம் என்னிடம் வந்து விழும்.

அவருக்கு இருப்பது நாள்பட்ட மைலாய்டு லுகேமியா. மெதுவாக வளரும் வகை ரத்தப் புற்றுநோய். கொழுந்துக் கூடையைத் தூக்கும்போது இடது விலாவுக்குக் கீழே ஏதோ கனக்கிறது என்று போனவருக்கு ரத்தம் பார்த்தார்கள். வெள்ளை அணுக்கள் 11,000-க்குள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றரை லட்சம் இருந்தன. கனத்தது வீங்கிய மண்ணீரல்.

இந்த நோயின் மூலம் ஓர் இடமாற்றம். 1960-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரத்தில் பீட்டர் நோவெலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் இந்த நோயாளிகளின் அணுக்களில் ஒரு குரோமோசோம் வழக்கத்தைவிடக் குட்டையாக இருப்பதைக் கண்டார்கள். அதற்கு அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. குட்டையானது எப்படி என்பது 1973-இல்தான் தெரிந்தது. 9-ஆம் குரோமோசோமும் 22-ஆம் குரோமோசோமும் உடைந்து, துண்டுகளை மாற்றி ஒட்டிக்கொண்டிருப்பதை ஜேனட் ரௌலி காட்டினார். அப்படி ஒட்டியதில் ஏபிஎல் என்ற மரபணுவும் பிசிஆர் என்ற மரபணுவும் ஒன்றாகி, பிசிஆர்-ஏபிஎல் என்று ஒரு கலப்புப் புரதம் பிறக்கிறது. இது பெற்றோரிடமிருந்து வருவதில்லை, பிள்ளைகளுக்குப் போவதும் இல்லை. மஜ்ஜையில் ஏதோ ஒரு தாய் அணுவில் நடந்த விபத்து.

ஏபிஎல் புரதத்தின் இயல்பான வேலை, ஏடிபி என்கிற எரிபொருள் மூலக்கூறிடமிருந்து ஒரு பாஸ்பேட்டை வாங்கி இன்னொரு புரதத்தின் மீது ஒட்டுவது. ஒட்டினால் அணுவுக்கு 'பெருகு' என்று உத்தரவு. தேவைப்படும்போது உத்தரவு போட்டுவிட்டு அது அடங்கிவிடும். கலப்புப் புரதத்துக்கு அடங்கத் தெரியாது. ராத்திரி பகலாக உத்தரவு போட்டுக்கொண்டே இருக்கும்.

இதை நிறுத்துவது எப்படி? ஏடிபி வந்து உட்காருவதற்கு அந்தப் புரதத்தில் ஒரு குழி இருக்கிறது. ஊட்டி பஸ் ஸ்டாண்டில் கூடலூர் பஸ் வந்து நின்றதும் என்ன நடக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போம். இமாட்டினிப் செய்வது அதுதான். ஏடிபி உட்கார வேண்டிய சீட்டில் துண்டு போட்டுவிடும். ஏடிபி வரும், இடமில்லை என்று போகும். பாஸ்பேட் கிடைக்காத புரதத்தால் உத்தரவு போட முடியாது. உத்தரவை நம்பியே வாழும் புற்றணுக்கள் செத்துப்போகும்.

2001 மே மாதம் அமெரிக்காவில் இந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தது. நம் ஊரில் அதன் கதையில் சென்னைக்கும் பங்குண்டு. காப்புரிமை விண்ணப்பம் சென்னை அலுவலகத்தில்தான் போடப்பட்டது, 2006-இல் நிராகரிக்கப்பட்டது. வழக்கு மேலே மேலே போய், 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை கிடையாது என்றது. மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் சொல்லப்பட்ட மருந்தை இங்குள்ள கம்பெனிகள் அதில் பத்தில் ஒரு பங்குக்குத் தயாரித்து விற்க முடிந்தது இதனால்தான். தோட்டக் கூலியில் வாழும் ஒரு பெண்ணின் சமையலறை அலமாரி வரை அந்த அட்டை வந்ததற்கு அந்தத் தீர்ப்பு ஒரு காரணம்.

சரி, கேட்ட மாத்திரை கேட்காமல் போவது எப்படி?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சித்தியின் ரத்தம் கோயம்புத்தூரில் பிசிஆர் (PCR) சோதனைக்குப் போகும். மேலே சொன்ன பிசிஆர் (BCR) மரபணு வேறு, இது வேறு; தமிழில் எழுதும்போது பெயர் ஒன்றாகிவிடுகிறது. கலப்பு மரபணுவின் தடயம் எத்தனை சதவீதம் என்று அது சொல்லும். சிகிச்சை தொடங்கிய 3 மாதத்தில் 10 சதவீதத்துக்குள், 6 மாதத்தில் 1-க்குள், ஒரு வருடத்தில் 0.1-க்குள் வந்துவிட்டால் நல்லது. சித்திக்கு வருடக்கணக்கில் 0.1-க்குக் கீழேயே இருந்தது. அப்புறம் 0.4 ஆனது, அடுத்த முறை 2.3.

டாக்டர் உடனே மாத்திரையை மாற்றவில்லை. முதலில் கேட்டது, "தினமும் தவறாமப் போடுறீங்களா?"

"போடுறேன் சார்" என்றார் சித்தி.

வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ஆடி வெள்ளி, சஷ்டி, கிருத்திகை எல்லாம் விரதம். மாத்திரையோ சாப்பாட்டோடுதான் போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். அதனால் விரத நாளில் மாத்திரைக்கும் விரதம். போதாததற்கு, மழைக்காலத்தில் மண் சரிந்து ரோடு அடைத்த நாட்களில் மாத்திரை தீர்ந்துபோய் நாலைந்து நாள் இல்லாமலும் இருந்திருக்கிறார். எட்டு வருடத்தில் ஒருவரும் விரதத்தைப் பற்றிக் கேட்கவில்லை, நான் உட்பட. திரும்ப உள்ளே போய்ச் சொன்னோம். டாக்டர் திட்டவில்லை. எழுதிக்கொண்டார்.

துண்டு எடுபட்ட நேரத்தில் சீட் காலி. மிச்சமிருக்கும் புற்றணுக்கள் பெருகும். பெருகும்போது மரபணுவைப் பிரதி எடுக்கிற வேலையில் பிழை விழும். ஏதோ ஒரு பிழை சீட்டின் வடிவத்தையே மாற்றிவிட்டால், அந்த அணுவில் துண்டு நிற்காது, வழுக்கி விழும். மற்ற அணுக்கள் மருந்தில் சாக, அது மட்டும் பிழைத்துப் பெருகும். பூச்சிமருந்துக்குப் பழகிய பூச்சி மாதிரிதான், ஆனால் எந்தப் பூச்சியும் பழகுவதில்லை. முன்பே மாறியிருந்தது தப்பிப் பிழைக்கிறது, அவ்வளவே. தவறாமல் மாத்திரை போடுகிறவர்களுக்கும் இது நடக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சித்தி விரதத்தை நினைத்துத் தன்னையே நொந்துகொண்ட ராத்திரிகளில் இதைப் பலமுறை சொன்னேன்.

இமாட்டினிப் கொஞ்சம் பிகு பண்ணும் மருந்து. புரதம் அடங்கிய வாக்கில் இருக்கும்போது மட்டும்தான் அது சீட்டில் பொருந்தும். டாசாட்டினிப்புக்கு அந்தப் பிகு கிடையாது. புரதம் விழித்திருந்தாலும் அடங்கியிருந்தாலும் பிடித்துக்கொள்ளும். அதனால் இமாட்டினிப் வழுக்குகிற பல சீட்டுகளில் இது நிற்கும். இன்னொரு மருந்து நிலோட்டினிப். அது இமாட்டினிப்பையே இன்னும் இறுக்கமாகப் பொருந்தும்படி திருத்தி வெட்டியது. ஆனால் ரத்தச் சர்க்கரையையும் கொழுப்பையும் ஏற்றும், ரத்தக்குழாய்களை அடைக்கும் ஆபத்தும் உண்டு, தினம் இரண்டு வேளை வெறும் வயிற்றில் போட வேண்டும். சித்திக்கு ஏற்கெனவே சர்க்கரை. எந்தப் பிழை விழுந்திருக்கிறது என்ற சோதனை முடிவையும் சர்க்கரை அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் டாசாட்டினிப் 100 மில்லிகிராம் என்று முடிவானது.

இங்கேதான் பக்கவிளைவு வருகிறது. ஏடிபி உட்காரும் சீட் நம் உடம்பில் இந்த ஒரு புரதத்தில் மட்டும் இல்லை. இதே குடும்பத்தில் நூற்றுக்கணக்கான புரதங்கள் உண்டு, எல்லாவற்றிலும் அதே மாதிரி சீட். மருந்து எந்தெந்தச் சீட்டில் கூடுதலாகத் துண்டு போடுகிறதோ, அதற்கேற்றபடி தொந்தரவு. இமாட்டினிப்புக்குப் பிடித்த மற்ற சீட்டுகளில் ஒன்று கிட் என்ற புரதம். தோலுக்கு நிறம் தரும் அணுக்களுக்கு அது வேண்டும். எட்டு வருடத்தில் சித்தி இரண்டு மூன்று படி வெளுத்திருந்தார். "என்ன கிரீம் போடுறீங்கக்கா?" என்று லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பெண்கள் ரகசியமாகக் கேட்டார்களாம். அதே கிட் புரதம் தறிகெட்டு ஓடுவதால் வரும் ஒரு வகைக் குடல் கட்டிக்கு இதே மாத்திரைதான் சிகிச்சை. காலையில் சித்தியின் கண் இமைகள் இட்லி மாதிரி உப்பியிருக்கும். நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்து, தோல் தளர்ந்திருக்கும் இடம் பார்த்துச் சேரும். எழுந்து நடமாடினால் மதியத்துக்குள் வற்றிவிடும். ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும்.

அந்தச் சதைப்பிடிப்புக்கு ஊரில் ஒரு பெரியவர் கொயினா என்கிற பழைய மலேரியா மாத்திரையைப் போடச் சொன்னார். நடுவட்டத்தில் அது ஆச்சரியமில்லை. சிங்கோனா மரம் நட்டு, பட்டையிலிருந்து கொயினா எடுத்த ஊர் இது. பழைய காலத்தில் சதைப்பிடிப்புக்கும் அதைக் கொடுத்ததுண்டு. ஆனால் கொயினா இதயத் துடிப்பின் தாளத்தைக் கெடுக்கும். சித்திக்கு வேண்டாமென்று விட்ட நிலோட்டினிப்புக்கும் அதே குணம் உண்டு. இரண்டும் சேர்ந்தால் விபரீதம். நல்லவேளை, சித்தி கேட்கவில்லை.

மாத்திரை மாறிய மூன்றாவது வாரத்தில் இமை வீக்கம் போய்விட்டது, சதைப்பிடிப்பும் நின்றது. பதிலுக்குத் தலைவலி வந்தது, ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்தன. டாசாட்டினிப் தட்டணுக்களின் எண்ணிக்கையைக் குறைப்பதோடு, இருப்பவை ஒட்டும் திறனையும் மந்தமாக்கும். ஜூலை மழையில் காலில் அட்டை கடித்தது. சாதாரணமாகவே அட்டையின் எச்சில் ரத்தத்தை உறையவிடாது. அன்றைக்குச் சுண்ணாம்பும் கேட்கவில்லை, துணி கட்டி அழுத்திப் பிடித்தும் சாயங்காலம் வரை கசிந்தது. மறுநாள் ஊட்டியில் ரத்தம் எடுத்து எண்ணிக்கை பார்த்தோம்.

நாங்கள் கோட்டை விட்டது இதற்கு அடுத்ததில்.

ஐந்தாவது மாதம் சித்திக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. லயத்திலிருந்து ரோட்டுக்கு வர ஒரு ஏற்றம் உண்டு. மலையில் ஏற்றத்தில் மூச்சு வாங்குவதை யாராவது நோய் என்பார்களா? ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. நடுவட்டம் கொஞ்சம் கீழே, அவ்வளவுதான். வயசாகிவிட்டது என்றார் சித்தி. குளிர் என்றேன் நான்.

அடுத்த முறை போனபோது டாக்டர் கேட்டது வேறு கேள்வி. "எத்தனை தலையணை வெச்சுப் படுக்குறீங்க?"

"முன்ன ஒண்ணு. இப்ப ரெண்டு. நெட்டுக்குப் படுத்தா மூச்சு முட்டுது."

எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பகுதி வெள்ளையாகத் தெரிந்தது. நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய உறைகள் உண்டு. இடையில் வழுவழுப்புக்குக் கொஞ்சம் நீர், அவ்வளவுதான் இருக்க வேண்டும். டாசாட்டினிப் ரத்தக்குழாய் உட்சுவரின் அணுக்களைத் தளர்த்துவதால் அந்த இடைவெளிக்குள் நீர் கசிந்து சேரும். நிமிர்ந்திருந்தால் அது அடியில் தேங்கும். படுத்தால் நெடுக்கப் பரவி நுரையீரலை அழுத்தும். தலையணைக் கணக்கின் சூட்சுமம் அதுதான். இது அபூர்வமும் இல்லை. இந்த மருந்தை முதல் மருந்தாக எடுத்தவர்களை 5 வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வில் நூற்றுக்கு 28 பேருக்கு நீர் கோத்திருந்தது. ஏற்றத்து மூச்சுவாங்கல் நின்றால் அடங்கும். படுக்கையில் வருவது, வறட்டு இருமலோடு வருவது, போன மாதம் ஏறிய அதே மேட்டில் புதிதாக வருவது, இவற்றை மலையின் தலையில் கட்டக் கூடாது.

மாத்திரையைச் சில வாரம் நிறுத்தி, நீர் பிரியும் மாத்திரை கொடுத்து, வற்றியதும் 70 மில்லிகிராமில் திரும்ப ஆரம்பித்தார்கள். அளவைக் குறைத்தால் நோய் ஏறாதா என்று எனக்குப் பயம். டாசாட்டினிப் ரத்தத்தில் தங்குவது சில மணி நேரம்தான். புற்றணுவுக்கு அந்தச் சில மணி நேர அடியே போதும், செத்துவிடும். மற்ற அணுக்களுக்கு மிச்ச நேரம் ஓய்வு. அதனால்தான் வேளைக்கு 70 என்று தினம் இரண்டு வேளை கொடுத்தபோது வந்ததைவிட, 100-ஐ ஒரே வேளையாகக் கொடுத்தபோது நீர் கோப்பது குறைந்தது. எனவே, பெரிய மாத்திரை என்று நாமே பாதியாக்கி இரண்டு வேளை போடுகிற வேலை வேண்டாம்.

இன்னொன்று. நெஞ்சு எரிச்சல் என்று சித்தி மருந்துக்கடையில் சொல்லப்போக, கேஸ் மாத்திரை கொடுத்தார்கள். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. டாசாட்டினிப் வயிற்று அமிலத்தில்தான் கரையும். அமிலத்தை நாள் முழுக்க அடக்கும் மாத்திரை போட்டால், மருந்து உடம்பில் சேர்வது கிட்டத்தட்ட பாதியாகிவிடும். கரையாமல் அப்படியே கழிந்துபோகும். சாதாரண ஜெலுசில் மாதிரியானவை என்றால் இரண்டு மணி நேர இடைவெளி விட்டுப் போடலாம், அதுவும் டாக்டரிடம் கேட்டு. பம்பளிமாஸ் பழத்தையும் நிறுத்தச் சொன்னார்கள். அது மருந்தைச் சிதைக்கும் குடல் நொதியை முடக்கி, ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும். ஒன்று குறைக்கும், ஒன்று கூட்டும். டாசாட்டினிப்பில் ஒரு லாபமும் உண்டு, சாப்பாட்டோடும் போடலாம், சாப்பிடாமலும் போடலாம். விரதம் தப்பித்தது.

இதுவும் கேட்காமல் போனால்? சீட்டின் 315-ஆவது இடத்தில் ஒரு அமினோ அமிலம் மாறிவிட்டால் இதுவரை சொன்ன மூன்று துண்டுகளும் நிற்காது. அதற்கு பொனாட்டினிப் உண்டு, வலுவானது, ரத்தக்குழாய் அடைப்புப் பயமும் அதிகம். எனக்குப் பிடித்தது 2021-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அசிமினிப். அது சீட் பக்கமே போகாது. இயல்பான ஏபிஎல் புரதத்துக்குத் தன் வாலைத் தானே முதுகுக் குழியில் செருகி அடங்கிக்கொள்ளும் வழி உண்டு. பிசிஆரோடு ஒட்டும்போது அந்த வால் அறுந்துபோகிறது. அசிமினிப் அந்தக் காலிக் குழியில் போய், அறுந்த வாலின் வேலையைச் செய்கிறது.

சித்திக்கு இப்போதைக்கு அது தேவைப்படவில்லை. போன சோதனையில் 0.08. அலமாரியில் மாத்திரை ஒரு மாதத்துக்கு மேலேயே கைவசம் இருக்கிறது, மண் சரிந்தாலும் சமாளிக்கலாம். போனில் பேசும்போதெல்லாம் தலையணைக் கணக்கு கேட்கிறேன்.

"ஒண்ணுதான்டா. இன்னொண்ண பேரன் எடுத்துக்கிட்டான், கேட்டா தரமாட்டேங்கிறான்."