மண்ணே இல்லாத ரங்கிட்டோட்டோவில் காடு வளர்ந்த விதம்

நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகத்தில் படகேறினால் சுமார் 25 நிமிடத்தில் ரங்கிட்டோட்டோ தீவு வந்துவிடும். அகலம் ஏறத்தாழ 5.5 கி.மீ., உச்சி 259 மீட்டர். தீவில் ஓடை கிடையாது, கடையும் கிடையாது. குடிநீரும் சாப்பாடும் கையோடு கொண்டுபோக வேண்டும். மழைக்குக் குறைவில்லை, பெய்கிற தண்ணீர் பாறை இடுக்குகளில் இறங்கி மறைந்துவிடுகிறது. அதைப் பிடித்து வைக்கும் அளவுக்கு மண் இன்னும் சேரவில்லை. அப்படிப்பட்ட இடத்தில்தான் உலகிலேயே பெரிய பொஹுடுகாவா மரக் காடு நிற்கிறது.

ஆக்லாந்தைச் சுற்றி ஐம்பதுக்கும் மேற்பட்ட எரிமலைகள் உண்டு. அவற்றில் வயதில் இளையதும் அளவில் பெரியதும் இதுதான். சுமார் 600 ஆண்டுகளுக்கு முன் மேலேறி வந்த பாறைக்குழம்பு கடல்நீரைத் தொட்டது. நீர் நொடியில் ஆவியாகி விரிந்து, குழம்பைத் தூளாகச் சிதறடித்தது. அந்தச் சாம்பல் பக்கத்துத் தீவான மொட்டுடாப்புவை மூடியது. அங்கே வாழ்ந்த, நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மவோரி மக்களின் காலடித் தடங்களும் அவர்களுடைய நாய்களின் தடங்களும் சாம்பல் அடுக்குகளில் பதிந்து கிடைத்திருக்கின்றன. மனிதக் கண்ணெதிரே பிறந்த மலை இது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

எரிமலை வாயைச் சுற்றிக் குவிந்த பொருள் கடல்நீரைத் தடுத்ததும் இந்த வகை வெடிப்பு ஓய்ந்தது. அதன்பின் பீறிட்ட குழம்பு உச்சியில் கூம்புகளைக் கட்டியது. எளிதில் ஓடும் பசால்ட் லாவா எல்லாத் திசையிலும் வழிந்து, சரிவு குறைந்த அகன்ற மலையாக உறைந்தது. ஆக்லாந்தின் எந்தக் கரையிலிருந்து பார்த்தாலும் தீவு ஏறக்குறைய ஒரே வடிவில் தெரிவது இதனால்தான்.

படகுத்துறையிலிருந்து உச்சிக்கு ஒரு மணி நேர நடை. செருப்பு உதவாது. ஓடும் லாவாவின் மேல்தோல் இறுகிய பிறகும் உள்ளே குழம்பு நகர்ந்துகொண்டிருந்ததால், அந்தத் தோல் உடைந்து கூரான கட்டிகளாகக் கிடக்கிறது. சில இடங்களில் மேல்தோல் உடையாமல் நிற்க, உள்ளிருந்த குழம்பு மட்டும் வடிந்துவிட்டது. மிஞ்சிய வெற்றுக் குழாய்கள்தான் உச்சிக்குக் கீழே கிளைப்பாதையில் வரும் லாவா குகைகள். உள்ளே நுழைய டார்ச் கட்டாயம். கூரை தாழும் இடங்களில் குனிந்து போக வேண்டும்.

நின்று பார்க்க வேண்டியது பாதையோரப் பாறையைத்தான். முதலில் வருபவை பாசியும், பூஞ்சையும் பாசியும் ஒன்றாக வாழும் லைக்கனும். நாவலும் கொய்யாவும் சேர்ந்த மிர்ட்டேசியே குடும்பத்து மரமான பொஹுடுகாவாவின் விதை காற்றில் பறக்கும் அளவுக்கு லேசானது. அது பாறைப் பிளவில் விழுந்து முளைத்து, ஈரம் தேடி வேரை ஆழத்துக்கு விடுகிறது. மரம் நிழல் தருகிறது, உதிர்ந்த இலைகள் இடுக்கை நிரப்புகின்றன. அந்தக் குப்பையில்தான் மற்ற செடிகள் வேர்பிடிக்கின்றன. அதனால் காடு ஒரே பரப்பாகப் பரவாமல், வெற்றுக் கரும்பாறைக்கு நடுவே திட்டுத்திட்டாக வளர்கிறது; திட்டுகள் பெருத்து ஒன்றையொன்று தொடுகின்றன. மர நிழலில் சிறுநீரக வடிவ இலைகொண்ட ஒரு பெரணி இருக்கிறது. வறண்ட நாளில் அது சுருண்டு காய்ந்ததுபோல் கிடக்கும். மழை பட்டதும் விரிந்து பச்சையாகிவிடும்.

இந்தக் காடு ஒருமுறை அழிவின் விளிம்புக்குப் போனது. மனிதர்கள் கொண்டுவந்து விட்ட, மரமேறும் போஸ்ஸமும் சிறு கங்காரு போன்ற வாலபியும் தளிர்களைத் தின்றே மரங்களைச் சாகடித்தன. 1990களில் அவை முற்றிலும் அகற்றப்பட்டன. எலி, கீரியை ஒத்த ஸ்டோட் போன்றவற்றையும் ஒழித்த பிறகு, 2011இல் ரங்கிட்டோட்டோ, மொட்டுடாப்பு இரு தீவுகளும் தீங்கு செய்யும் அந்நிய விலங்குகள் அற்றவையாக அறிவிக்கப்பட்டன. ஆகவே படகேறுமுன் காலணியின் அடியில் ஒட்டிய மண்ணையும் விதையையும் தேய்த்துக் கழுவுங்கள். பைக்குள் எலி, எறும்பு, அரணை இல்லையென்று பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும் கடைசிப் படகின் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால் தங்க விடுதி இல்லை, சொந்தச் செலவில் தனிப்படகு அழைக்க வேண்டியதுதான்.