நடிக்கும் நோயாளி, நிஜமான பயம்

நர்சிங் படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "எங்களுக்கு அடுத்து சைக்கியாட்ரி போஸ்டிங். அதற்கு முன்னால் நடிகர்களை நோயாளிகளாக உட்காரவைத்துப் பயிற்சி தருவார்களாம். மனநோயை நடிக்க முடியுமா? இது ஏமாற்று வேலை இல்லையா?"

நியாயமான சந்தேகம்தான். 1963ல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர், ஓவியர்களுக்கு மாடலாக இருந்த ஒரு பெண்ணைப் பழக்கி, கால்கள் செயலிழந்த நோயாளியாக மாணவர்கள் முன் நடிக்கவைத்தார். ஹாலிவுட் கூத்து என்று கேலி செய்தார்கள். அப்புறம் 1975ல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் 'ஆஸ்கி' என்ற, நோயாளியைக் கையாளும் திறனைச் சோதிக்கும் செய்முறைத் தேர்வை அறிமுகப்படுத்த, நடிப்பு நோயாளிகள் மருத்துவக் கல்வியில் நிலைத்துவிட்டார்கள். நர்சிங்கிலும் அப்படியே. பொம்மையோ நடிகரோ வைத்துச் செய்யும் பாவனைப் பயிற்சி தரமாக இருந்தால், வார்டில் கழிக்கவேண்டிய நேரத்தில் பாதிவரை அதற்கு ஒதுக்கினாலும் மாணவர்களின் திறன் குறைவதில்லை என்று 2014ல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது.

ஊசி போடப் பழக பொம்மை போதும். ஆனால் பொம்மைக்குக் கண்ணைத் தாழ்த்திக்கொள்ளத் தெரியாது. மனநல நர்ஸின் கையில் இருக்கும் கருவி பேச்சும் மௌனமும்தான். அதைப் பழக எதிரில் ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆளுக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். அவர் கையில் கொடுப்பது வசனம் அல்ல, நிபந்தனைகள். உதாரணத்துக்கு, மனச்சோர்வில் இருக்கும் ஓர் அரிசிக்கடைக்காரர் என்று வைத்துக்கொள்வோம். நடிகருக்கான குறிப்பு இப்படிப் போகும். தூக்கம் வருகிறதா என்று கேட்டால் "ஏதோ வருது" என்று மட்டும் சொல்லுங்கள். நர்ஸ் காகிதத்தைப் பார்த்தபடியே அடுத்த கேள்விக்குத் தாவினால், பதிலை ஒற்றைச் சொல்லாகச் சுருக்குங்கள். அவர் பேசாமல் கொஞ்சம் காத்திருந்தால், மனைவி இறந்ததைப் பற்றி நீங்களே ஆரம்பியுங்கள். "செத்துப்போயிடலாம்னு தோணுதா ஐயா?" என்று நேராகக் கேட்டால் "ஆமாம்மா" என்று ஒப்புக்கொள்ளுங்கள். "அப்படியெல்லாம் எதுவும் யோசிக்கலையே?" என்று கேட்டால் "இல்லைம்மா" என்று சொல்லிவிடுங்கள்.

அதே ஆள், அதே நோய். கேள்வி வந்த விதம்தான் வேறு, பதில் தலைகீழாகிவிட்டது. இரண்டாவது கேள்வி கேட்பவரின் பயத்திலிருந்து வருகிறது, 'இல்லை' என்ற பதிலை அதுவே வாங்கிக்கொள்கிறது. நிஜ வார்டில் இது நடந்திருந்தால் 'தற்கொலை எண்ணம் இல்லை' என்று கேஸ் ஷீட்டில் ஏறியிருக்கும், யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே தூண்டிவிடுவோமோ என்று பலர் தயங்குகிறார்கள். ஆய்வுகள் அந்தப் பயத்துக்கு ஆதாரம் தரவில்லை.

இங்கே ஆசிரியர் "நிறுத்துங்கள்" என்கிறார். டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்குமே, அதுபோல. ஒரு நிமிடம் பின்னால் போய், கேள்வியை மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம். முடிந்ததும் நடிகர் பாத்திரத்திலிருந்து வெளியே வந்து சொல்வார்: "நீங்க வாட்சைப் பார்த்தப்போ, இதுக்கு மேல சொல்ல வேண்டாம்னு தோணிடுச்சு." எந்த நோயாளியும் எந்த நர்ஸிடமும் இதைச் சொல்வது அபூர்வம்.

மனநோய் மீது சமூகம் ஏற்றிவைத்திருக்கும் களங்கம் குறைவதும் இந்த வழியில்தான் என்று நினைக்கிறேன். சினிமாவில் பார்த்த பைத்தியமும், சென்னையில் சகஜமாகப் புழங்கும் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' கேலியும் தலையில் இருக்க, மாணவி வார்டுக்குப் போகிறார். பயத்தில் எட்ட நின்று அவசரமாகக் கேட்கிறார். நோயாளி ஒடுங்கிக்கொள்கிறார். 'இவங்க இப்படித்தான்' என்று முடிவாகிவிடுகிறது. தான் மாறினால் எதிரில் இருப்பவரின் பதிலும் மாறுவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் அந்த முடிவு ஆட்டம் காணும். 2001 ஆகஸ்டில் ஏர்வாடி தர்காவை ஒட்டிய காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் சிக்கி, 28 பேர் இறந்தார்கள். பேய், செய்வினை என்று நம்புகிறவர்களை அன்றைக்கு எல்லோரும் திட்டினோம். படித்தவர்களின் பயமும் சங்கிலிதான். என்ன, வெளியே தெரியாது.

எல்லா வகைப் பாவனையும் நல்லதே செய்யும் என்று சொல்லமாட்டேன். பதின்பருவத்தில் மனச்சிதைவு என்று கண்டறியப்பட்டு, பின்னாளில் உளவியலாளரான பட்ரீசியா டீகன் ஒரு பயிற்சியை உருவாக்கினார். காதில் ஹெட்ஃபோன், அதில் திட்டும், முணுமுணுக்கும் குரல்கள். அவற்றைக் கேட்டுக்கொண்டே சாதாரண வேலைகளைச் செய்ய வேண்டும், கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். திணறிப்போவார்கள். நோயாளி ஏன் தாமதமாகப் பதில் சொல்கிறார் என்பது அப்போது புரியும். ஆனால் இந்த மாதிரிக் குரல் பாவனைகளை ஆராய்ந்தவற்றை 2011ல் தொகுத்துப் பார்த்தபோது ஒரு முரண் தெரிந்தது. பரிவு கூடியிருந்தது, விலகி இருக்க வேண்டும் என்ற விருப்பமும் கூடியிருந்தது. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. நோயின் மிக மோசமான சில நிமிடங்களை மட்டும் ஒருவர் காதில் ஊற்றினால், "ஐயோ பாவம்" என்பதோடு "நமக்கு வேண்டாம்ப்பா" என்பதும் சேர்ந்துதான் வரும். அதே குரல்களைக் கேட்டுக்கொண்டே வேலைக்குப் போகிற, பிள்ளை வளர்க்கிற மனிதர் அந்த ஹெட்ஃபோனுக்குள் இல்லை.

அவரை வகுப்புக்கே அழைத்து வரலாம். களங்கத்தை ஆராய்பவர்கள் திரும்பத் திரும்பக் காண்பதும் இதுதான்: பெரியவர்களிடம் மனத்தை அதிகம் மாற்றுவது பாடத்தைவிட, நோயோடு வாழ்ந்த ஒருவருடனான நேரடிப் பழக்கம். பிரிட்டனில் நர்சிங் கல்விக்கான விதிகளே, சிகிச்சை பெற்ற அனுபவம் உள்ளவர்கள் பாடத்திட்டத்தை வடிவமைப்பதில் பங்கேற்க வேண்டும் என்கின்றன. நம் ஊரிலும் பாவனை ஆய்வகங்கள் வரத் தொடங்கியிருக்கின்றன, பல லட்சம் ரூபாய்க்குப் பொம்மைகளும் வாங்கப்படுகின்றன. பொம்மைக்கு ரசீது உண்டு, தணிக்கையில் காட்டலாம். குணமடைந்த ஒருவரைப் பயிற்சியாளராக அமர்த்திக் கௌரவமான சம்பளம் கொடுக்க வேண்டுமென்றால், அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்றே அலுவலகங்களுக்குத் தெரிவதில்லை. நடிகருக்கும் செலவு இருக்கிறது: நாள் முழுக்கச் சாக நினைப்பவராக உட்கார்ந்திருந்தவரோடு ஒருவர் பேசி, அவரைப் பாத்திரத்திலிருந்து முழுதாக வெளியே கொண்டுவந்துதான் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அந்த அரை மணி நேரத்துக்கும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும்.