புத்தகத்தை மூடிய பிறகும் தொடரும் வாசிப்பு

டால்ஸ்டாயின் 'போரும் வாழ்வும்' நாவலில் 361 அத்தியாயங்கள் இருக்கின்றன. பதிப்பைப் பொறுத்து இந்த எண்ணிக்கை சற்று மாறலாம். நான்கு பாகங்கள், அவற்றை அடுத்து இரண்டு பகுதிகளாகப் பின்னுரை, ஐந்நூறுக்கும் மேற்பட்ட பாத்திரங்கள். டி.எஸ். சொக்கலிங்கத்தின் மொழிபெயர்ப்பில் தமிழிலும் நெடுங்காலமாக இருந்துவரும் நூல். பலரும் ஆசையாக வாங்கி, ரஷ்யப் பெயர்களில் சிக்கி, நூறு பக்கங்களுக்குள் நிறுத்திவிடுகிற நூலும் இதுதான்.

ஆனால் அந்த 361 அத்தியாயங்களில் பெரும்பாலானவை மிகச் சிறியவை. நிதானமாகப் படித்தாலும் கால் மணி நேரத்தில் ஒன்று முடிந்துவிடும். ஜனவரி 1ஆம் தேதி தொடங்கி, நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று படித்தால் டிசம்பர் 27ஆம் தேதி முடிக்கலாம். உலகின் பல நாடுகளில் வாசகர்கள் இப்படித்தான் இந்த நாவலை ஓராண்டுச் சடங்காகப் படிக்கிறார்கள்.

நேரமில்லாதவர்கள் கண்டுபிடித்த குறுக்குவழி என்று இதைச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். மனித நினைவு எப்படி இயங்குகிறது என்று நூற்றாண்டுக்கும் மேலாகச் சேர்ந்திருக்கும் அறிவை வைத்துப் பார்த்தால், நெடிய நாவலைப் படிக்க இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது. கால் மணி நேரம் கண்கள் படிக்கின்றன. மீதமுள்ள இருபத்து மூன்றே முக்கால் மணி நேரமும் அந்த வாசிப்பின் பகுதிதான்.

முதலில், படித்த பிறகு மனத்தில் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்கலாம். 1967இல் ஜாக்குலின் சாக்ஸ் என்ற உளவியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். பதிவுசெய்த ஓர் உரைப்பகுதியைக் கேட்கச் செய்து, நடுவில் நிறுத்தி, முன்பு வந்த வாக்கியம் ஒன்றைக் காட்டி, 'இதே வாக்கியம்தானா, மாறியிருக்கிறதா?' என்று கேட்டார். வாக்கியத்தைக் கேட்ட உடனே வினவினால் எந்தச் சிறு மாற்றத்தையும் மக்கள் பிடித்துவிட்டார்கள். இடையில் 80 அசைகள், அதாவது அரை நிமிடத்துக்கும் குறைவான பேச்சு, கடந்துவிட்டால் நிலைமை வேறு. சொற்களின் வரிசையையோ செய்வினை செயப்பாட்டுவினையையோ மாற்றியிருந்தால் அவர்களுக்குத் தெரியவில்லை. பொருளை மாற்றியிருந்தால் மட்டும் உடனே தெரிந்தது.

வாக்கியத்தின் வடிவத்தை மூளை அவ்வளவு சீக்கிரம் கைவிட்டுவிடுகிறது. அது வைத்துக்கொள்வது, வாக்கியங்களிலிருந்து கட்டிய ஒரு சூழலை: யார் எங்கே நிற்கிறார், என்ன நேரம், எதனால் இது நடந்தது, அவருக்கு என்ன வேண்டும். உளவியலாளர்கள் இதைச் சூழல் மாதிரி என்கிறார்கள். 1980களில் வான் டைக், கின்ச் இருவரும் இதை விரிவாக முன்வைத்தார்கள். ஒவ்வொரு புதிய வாக்கியமும் இந்த மாதிரியில் ஏதோ ஒன்றைத் திருத்துகிறது. ஒரு பாத்திரம் அறையைவிட்டு வெளியேறினால் மனத்துக்குள் இருக்கும் அறையிலும் அவர் இல்லை. காலமோ இடமோ தாவும்போது பழைய மாதிரியை ஒதுக்கிவைத்துப் புதியதைக் கட்ட வேண்டியிருக்கிறது. அத்தகைய எல்லைகளில் வாசிப்பு மெதுவாவதைச் சோதனைகளில் அளந்திருக்கிறார்கள். டால்ஸ்டாயின் அத்தியாயங்கள் பெரும்பாலும் அத்தகைய எல்லையில்தான் முடிகின்றன. அங்கே புத்தகத்தை மூடுகிறவர் மூளை தானே இடைவெளி விடும் இடத்தில் மூடுகிறார்.

மூடிய பிறகு உறக்கம் வருகிறது. 1924இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் இருவரும் இரண்டு மாணவர்களைப் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். சில நாட்கள் பாடம் செய்தவுடன் தூங்கவைத்தார்கள். சில நாட்கள் விழித்திருந்து வழக்கமான வேலைகளைப் பார்க்கவைத்தார்கள். எட்டு மணி நேரம் கழித்துக் கேட்டபோது, தூங்கி எழுந்த நாட்களில் நினைவிருந்தது பல மடங்கு அதிகம். இதற்கு அடியில் என்ன நடக்கிறது என்பதன் ஒரு துண்டு 1994இல் எலிகளிடம் கிடைத்தது. ஓர் இடத்தில் திரியும்போது எலியின் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் எந்தெந்த நரம்பணுக்கள் சேர்ந்து இயங்கினவோ, அவையே பிறகு எலி உறங்கும்போதும் சேர்ந்து இயங்கியதை வில்சன், மெக்நாட்டன் இருவரும் பதிவுசெய்தார்கள். பகலில் நடந்ததை உறங்கும் மூளை மீண்டும் ஓட்டிப் பார்க்கிறது என்ற கருத்துக்கு அது வலுவான சான்றாயிற்று. எலி நடந்த பாதையும் நாவலின் அத்தியாயமும் ஒன்றல்ல. ஆனாலும், நாவலை மூன்று நாளில் முடிப்பவர் அதன்மேல் மூன்று இரவுகள் தூங்குகிறார், ஓராண்டு படிப்பவர் 361 இரவுகள் தூங்குகிறார் என்பது சிறிய வேறுபாடு அன்று.

இடைவெளியின் பலனை முதலில் எண்களால் காட்டியவர் ஹெர்மன் எபிங்ஹாஸ். 1885இல் வெளியான அவருடைய நூலில் சோதனைக்கு உட்பட்ட ஒரே ஆள் அவரேதான். பன்னிரண்டு பொருளற்ற அசைகள் கொண்ட ஒரு வரிசையை ஒரேயடியாக 68 முறை ஓதினால், மறுநாள் இன்னும் 7 முறை ஓதியபின் பிழையில்லாமல் சொல்ல முடிந்தது. அதே பலனை மூன்று நாட்களில் பரப்பி ஓதியபோது 38 முறையிலேயே அடைந்தார். இடைவெளி விளைவு என்று அழைக்கப்படும் இது, உளவியலில் மிகவும் உறுதியாகத் திரும்பத் திரும்ப நிரூபிக்கப்பட்ட முடிவுகளில் ஒன்று.

இங்கே கவனமுள்ள வாசகர் ஒரு கேள்வி கேட்க வேண்டும். எபிங்ஹாஸ் ஒரே வரிசையைத் திரும்பத் திரும்ப ஓதினார். நாவல் படிப்பவர் ஓர் அத்தியாயத்தை ஒருமுறைதானே படிக்கிறார்? திரும்ப ஓதுவதே இல்லாத இடத்தில் இடைவெளி எதற்கு உதவும்?

இதற்கான விடை நாவலின் கட்டுமானத்திலேயே இருக்கிறது. நெடிய நாவல் தன் மனிதர்களையும் இடங்களையும் விட்டுவிட்டு எடுத்துவருகிறது. ஒவ்வொரு வருகையும் ஒரு மறுஓதல். அதைக் கிட்ட நின்று பார்க்க இரண்டாம் பாகத்தின் மூன்றாம் பகுதிக்குப் போக வேண்டும். 1809ஆம் ஆண்டு வசந்தம். மனைவியை இழந்த இளவரசன் ஆந்த்ரேய் ஒரு பிர்ச் காட்டின் வழியே வண்டியில் போகிறான். மற்ற மரங்களெல்லாம் துளிர்த்திருக்க, ஓரத்தில் ஒரு பெரிய கிழட்டு ஓக் மட்டும் மொட்டையாக நிற்கிறது. வசந்தமும் காதலும் இன்பமும் வெறும் ஏமாற்று என்று அது சொல்வதுபோல் ஆந்த்ரேய்க்குத் தோன்றுகிறது. தானும் அப்படித்தான், தன் வாழ்க்கை முடிந்துவிட்டது என்று அந்த மரத்தோடு உடன்படுகிறான். அடுத்த அத்தியாயத்தில் ரஸ்தோவ் குடும்பத்தின் பண்ணை வீட்டில் தங்கும்போது, நிலவொளியில் மேல்மாடி ஜன்னலில் ஒரு பெண் தூங்க மனமில்லாமல் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்கிறான். மூன்றாவது அத்தியாயத்தில், ஜூன் தொடக்கத்தில், அதே காட்டின் வழியே திரும்புகிறான். அந்த ஓக் மரத்தைத் தேடுகிறான். காணவில்லை. தழைத்து நிற்கும் ஒரு மரத்தை ரசித்துக்கொண்டே இருக்கிறான். தான் தேடும் மரம் அதுதான் என்பது சற்றுக் கழித்தே அவனுக்குப் புரிகிறது.

அந்தக் கணத்தில் டால்ஸ்டாய் ஒரு காரியம் செய்கிறார். ஆந்த்ரேயின் வாழ்வில் உயர்ந்த கணங்கள் எல்லாம் ஒருசேர அவன் நினைவில் எழுகின்றன: ஆஸ்டர்லிட்ஸ் போர்க்களத்தில் வீழ்ந்து கிடந்து பார்த்த உயர்ந்த வானம், இறந்த மனைவியின் குற்றம்சாட்டும் முகம், படகுத்துறையில் நண்பன் பியேருடன் பேசியது, இரவின் அழகில் கிளர்ந்த அந்தப் பெண், அந்த இரவு, அந்த நிலவு.

நாளுக்கு ஓர் அத்தியாயம் படித்துவருபவரின் நாட்காட்டியில் இவற்றைப் பொருத்திப் பாருங்கள். ஜனவரி முதல் தேதி தொடங்கியவர் ஏப்ரல் நடுவில் இந்தப் பக்கத்துக்கு வருகிறார். ஆஸ்டர்லிட்ஸ் வானத்தை அவர் ஏறத்தாழ ஆறு வாரத்துக்கு முன்பு படித்தார். மனைவியின் மரணம் ஒரு மாதத்துக்கு முன்பு. படகுத்துறை கிட்டத்தட்ட 12 நாட்களுக்கு முன்பு. நிலவிரவு நேற்று. ஆந்த்ரேய் நினைவுகூரும் அதே நொடியில் வாசகரும் நினைவுகூர்கிறார்; அதுவும் தன் சொந்த வாழ்வின் நாட்களைத் தாண்டிச் சென்று எடுத்துவருகிறார். இடையில் அவர் சம்பளம் வாங்கியிருப்பார், ஒரு திருமணத்துக்குப் போயிருப்பார், காய்ச்சலில் படுத்திருப்பார். வார இறுதி ஒன்றில் முழு மூச்சாகப் படிப்பவருக்கு இவையெல்லாம் சில மணி நேரத் தொலைவில் இருப்பவை. அவருக்கு அந்தப் பட்டியல் ஒரு தகவல். மெதுவாகப் படித்தவருக்கு அது ஒரு நினைவு. இந்த நாவலில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எவ்வளவு இடைவெளி சிறந்தது என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 2008இல் செபிடாவும் உடன் ஆய்வாளர்களும் 1,300க்கும் மேற்பட்டவர்களுக்குச் சில செய்திகளைக் கற்பித்து, வெவ்வேறு இடைவெளிகளில் மீண்டும் படிக்கவைத்துச் சோதித்தார்கள். ஒரு வாரம் கழித்து நினைவிருக்க வேண்டுமானால் ஒரு நாள் இடைவெளி சிறப்பாக இருந்தது. ஏறத்தாழ ஓராண்டு நினைவிருக்க வேண்டுமானால் மூன்று வாரம். நீண்ட காலம் தங்க வேண்டியது நீண்ட இடைவெளியில் திரும்பி வர வேண்டும். ஆஸ்டர்லிட்ஸ் வானம் ஆறு வாரத்திலும் நிலவிரவு ஒரே நாளிலும் திரும்பி வருவதை இந்த முடிவோடு வைத்துப் பார்க்கையில் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இதில் மறதிக்கும் ஒரு வேலை உண்டு. பெயர் நாக்கு நுனியில் நின்று வராமல் அடம்பிடித்து, பிறகு முயன்று வருகிறதே, அந்த முயற்சிதான் நினைவை வலுப்படுத்துகிறது. ராபர்ட் பியோர்க் 1990களில் இதற்கு 'விரும்பத்தக்க சிரமங்கள்' என்று பெயரிட்டார். 2006இல் ரோடிகர், கார்பிக் இருவரும் மாணவர்களுக்கு உரைநடைப் பகுதிகளைக் கொடுத்துச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்ததை நூலைப் பாராமல் எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள்.

நம் வார இதழ்களின் தொடர்கதை வாசகர்களுக்கு இந்த அனுபவம் நன்றாகவே தெரியும். 'தொடரும்' என்பதற்கும் அடுத்த இதழுக்கும் இடையில் ஏழு நாட்கள் வீட்டில் கதை பேசப்படும்; யார் யாரைக் காப்பாற்றுவார் என்று வாதம் நடக்கும். அந்தப் பேச்சு முழுவதும் நூலைப் பாராமல் எடுத்துச் சொல்லும் பயிற்சி. டால்ஸ்டாயின் நாவலும் 1865 முதல் 'ருஸ்கி வெஸ்த்னிக்' இதழில் பகுதி பகுதியாகத்தான் வெளிவரத் தொடங்கியது. முழு நாவலும் முடிவுற்றது 1869இல். அதன் முதல் வாசகர்கள் காத்திருந்து படித்தவர்கள்.

எனவே இந்தச் சடங்கில் இறங்குபவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான். புத்தகத்தைத் திறப்பதற்கு முன் ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்து, நேற்றைய அத்தியாயத்தில் யார் எங்கே என்ன செய்தார்கள் என்று நினைவுகூருங்கள். முன்னால் அச்சிட்டிருக்கும் பாத்திரப் பட்டியலை அதற்குப் பிறகு பாருங்கள். முதலிலேயே பட்டியலைப் பார்த்தால், மூளை செய்ய வேண்டிய வேலையை அச்சுத்தாள் செய்துவிடுகிறது. ஒரே பாத்திரத்தைக் குடும்பப் பெயராலும் தந்தை பெயராலும் செல்லப் பெயராலும் மாறி மாறி அழைக்கும் ரஷ்ய வழக்கம் பிப்ரவரி மாதத்துக்குள் பழகிவிடும்.

நாள் தவறாமல் படிப்பது பற்றியும் ஆய்வு இருக்கிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் தன்னிச்சையான பழக்கமாக மாற எடுத்துக்கொண்ட காலத்தின் நடு அளவு 66 நாட்கள். ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. காலைக் காபிக்குப் பின் என்பதுபோல் ஏற்கெனவே இருக்கும் ஒரு செயலோடு புதியதைக் கட்டினார்கள். ஒரு நாள் தவறினாலும் பழக்கம் உருவாவது குறிப்பிடும்படி பாதிக்கப்படவில்லை. ஒரு நாள் விட்டுப்போனதற்காகப் புத்தகத்தையே கைவிடுபவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

மூளையைப் பற்றிய மிகையான பேச்சுகளை நம்ப வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பெர்ன்ஸ் குழுவினர் சுமார் 20 பேரை ஒன்பது மாலைகளில் ஒரு நாவலைப் படிக்கவைத்து, மறுநாள்தோறும் மூளையைப் படமெடுத்தார்கள். மொழியோடு தொடர்புடைய இடப்பக்கப் பகுதிகளில் இணைப்பு கூடியிருந்ததாக 2013இல் எழுதினார்கள். சுவையான ஆய்வு, ஆனால் நாவல் படிக்காத ஒப்பீட்டுக் குழு அதில் இல்லை. இலக்கியத்தைச் சில நிமிடம் படித்தாலே பிறர் மனத்தை அறியும் திறன் கூடுகிறது என்று அதே ஆண்டில் வெளியான புகழ்பெற்ற முடிவும், பிறகு பெரிய அளவில் சோதித்தபோது நிற்கவில்லை. மெதுவான வாசிப்புக்கு இத்தகைய முட்டுக்கொடுப்பு தேவையும் இல்லை. இடைவெளி, உறக்கம், முயன்று நினைவுகூர்தல் என்ற மூன்றின் சான்றுகள் உறுதியானவை.

ஒரே ஓர் இடத்தில் இந்த முறை தடுமாறும். பின்னுரையின் இரண்டாம் பகுதியில் 12 அத்தியாயங்கள் இருக்கின்றன. அவற்றில் ஆந்த்ரேயும் இல்லை, பியேரும், ஜன்னலில் பேசிய அந்தப் பெண் நடாஷாவும் இல்லை. வரலாற்றை நகர்த்தும் ஆற்றல் எது, மனித விருப்பம் சுதந்திரமானதா என்று டால்ஸ்டாய் வாதாடுகிறார். மனிதர்களும் இடமும் இல்லாததால் சூழல் மாதிரி கட்டப் பிடிமானம் கிடைப்பதில்லை. நேற்று விட்ட இடம் இன்று கைக்கு வராது. டிசம்பர் 16 முதல் 27 வரை இந்தப் பகுதி வரும். இங்கே மட்டும் நாளுக்கு ஒன்று என்ற கணக்கை விட்டுவிட்டு, வாதம் அறுபடாமல் இரண்டு அல்லது மூன்று அமர்வுகளில் சேர்த்துப் படித்துவிடுவது நல்லது. அத்தியாயங்கள் சிறியவைதான். மிஞ்சும் நாட்களில் முதல் பாகத்தின் தொடக்கத்துக்குத் திரும்பி, 1805ஆம் ஆண்டு ஜூலை மாத விருந்தில் பியேர் முதன்முதலாக அறைக்குள் நுழையும் அத்தியாயத்தை மறுபடி படிக்கலாம். ஓராண்டு இடைவெளிக்குப் பின் வரும் மறுஓதல் அது.